பள்ளிக்கு வசூலித்த பணம் என் வங்கிக் கணக்கில்: நான் குற்றவாளியா?

காவிரிக் கடைமடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து, உலைக்கு அரிசி களையும்போது ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் அதை விற்று, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கோயில் திருவிழாவில் கடலைமிட்டாய், முறுக்குக் கடை போட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களும் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். எல்லாமே இந்தச் சகோதரியின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு ஜிபே வழியாக வந்தது. இதுவரை வரவு 4,10,000 ரூபாய். பள்ளிக்கு பெஞ்சு, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், கழிப்பறைப் பழுதுவேலை என்று செய்தார்கள். கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெஷின், ஆட்டுக்குட்டி வாங்க 2,000 முதல் 5,000 வரை கொடுத்தார்கள். 3,46,000 ரூபாய்க்கு பில் இருக்கிறது. கையிருப்பு 41,000. மீதி 23,000 ரூபாய்க்குக் காகிதம் எதுவும் இல்லை.

போன மாதம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "கணக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டார். "நமக்கு எதுக்கு இந்த வம்பு, விட்டுடு" என்கிறார் கணவர். புதிதாக வந்த தலைமையாசிரியர், இவர்கள் வாங்கிப்போன இரண்டு பீரோவை "அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கு நடுவில் சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 2 லட்சம் தரத் தயாராக இருக்கிறார். ஆவணியில் மொய் விருந்து வைத்து, கூடவே நூறு ரூபாய்க் கூப்பன் விற்று, குலுக்கலில் ஸ்கூட்டி பரிசு தரலாம் என்று பெண்கள் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆவண எழுத்தர் ஒருவர், "டிரஸ்ட் பதிவு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் ஆயுள் தலைவர், உங்கள் கணவரும் மகனும் அறங்காவலர்கள்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

"பதிவே செய்யாத எங்களிடம் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லைதானே? நான் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டி வருமா?" என்று கேட்கிறார்.

அப்புறம் ஆறாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்திலிருந்து 10,000 ரூபாய் எடுத்தாராம். நெல் போட்ட பணம் வந்ததும், நான்கு மாதம் கழித்துத் திருப்பி வைத்துவிட்டாராம். யாருக்கும் தெரியாதாம்.

அன்புச் சகோதரிக்கு,

ஏழு பக்கத்தில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளக்கூடிய காகித வேலை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பத்தாயிரம்

ஒரு காரியத்துக்கென்று பிறர் நம்பிக் கொடுத்த பணம், உங்கள் கணக்கில் இருந்தாலும் உங்கள் பணம் ஆகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு அதை வேறு வழியில் பயன்படுத்தினால் நம்பிக்கை மோசடி. பழைய தண்டனைச் சட்டத்தில் 405, 406 என்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 316ஆம் பிரிவு. கையாடல் பற்றிய பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது: நேர்மையற்ற எண்ணத்தோடு கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் அது கையாடல்தான். "திருப்பி வைத்துவிட்டேனே" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல.

ஆனால் இங்கே எல்லாமே "நேர்மையற்ற எண்ணம்" என்ற சொல்லில் நிற்கிறது. நீங்கள் எடுத்த தேதியும் திருப்பி வைத்த தேதியும் பாஸ்புக்கில் இருக்கின்றன. யாரும் கேட்பதற்கு முன்பே முழுத் தொகையையும் வைத்துவிட்டீர்கள். இதைக் கணக்கில் மறைக்காமல் எழுதி, நீங்களே முதலில் சொன்னால், உங்களை மோசடிக்காரி என்று நிரூபிப்பது யாருக்கும் எளிதல்ல. வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் நிலைமை வேறு.

எனவே இந்த வாரமே மற்ற பதின்மூன்று பேரையும் ஒரு வீட்டில் உட்காரவைத்து நீங்களே சொல்லிவிடுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அந்தக் கூட்டத்தில் நடந்ததை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

பில் இல்லாத 23,000 ரூபாய்க்கும் இதே வழிதான். கொத்தனார் கூலி, ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் கையில் கொடுத்தது என்று நினைவில் இருப்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். வாங்கியவர்கள் ஊரில்தானே இருக்கிறார்கள், "இன்ன தேதியில் இவ்வளவு பெற்றேன்" என்று இப்போது எழுதித் தரச் சொல்லி, இன்றைய தேதியையே போடச் சொல்லுங்கள். நினைவுக்கு வராத தொகையை "ரசீது இல்லை" என்றே எழுதுங்கள். தெரிந்த கடையில் பழைய தேதி போட்டு பில் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ரசீது தொலைந்தது கவனக்குறைவு, போலி ரசீது குற்றம். நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கணக்குக் கேட்டவருக்கு உரிமை உண்டா?

உண்டு. பதிவு இல்லை என்பதால் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது தவறு. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும், அது என்ன ஆனது என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அவர் கேட்ட தொனி உங்களைப் புண்படுத்தியிருக்கலாம். அவதூறு வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், கணக்குக் காட்ட விருப்பமில்லை என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும். ஒரு தாளில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எழுதி அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அடுத்த கிராம சபையிலும் வாசியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் எப்படியும் ஊர் கூடும். முடிந்தால் கேட்டவரையே அழைத்து, பில் கட்டை அவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உதவி பெற்ற பெண்களின் பெயர்களை மட்டும் அந்தத் தாளில் போடாதீர்கள். "தையல் மெஷின், ஒருவருக்கு, 4,500" என்றால் போதும். தையல் மெஷினோடு அவர்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் பகிர்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உதவி வாங்கியவள் அடுத்த வீட்டுக்காரி. அவளும் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள்.

சொந்தக் கணக்கில் ஊர்ப் பணம் வைப்பதில் நீங்கள் யோசிக்காத ஆபத்தும் இருக்கிறது. அதே வங்கியில் பயிர்க்கடனோ நகைக்கடனோ தவணை தவறினால், வங்கி இந்தப் பணத்தில் கைவைக்கலாம். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் நியமனதாரருக்குப் போகும். அப்போது அது பள்ளிப் பணம் என்று யார் நிரூபிப்பார்கள்? வருமான வரியிலும், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரே வருடத்தில் சும்மா வந்த பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது உங்கள் வருமானமா என்ற கேள்வி எழும். "நான் பொறுப்பாளர் மட்டுமே" என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கணக்கு நோட்டுதான். ஆகவே பதிவு முடியும்வரை வசூலை நிறுத்துங்கள். கடைகளில் ஒட்டியிருக்கும் உங்கள் கியூஆர் கோடு அட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்களில் ஒன்பது பேர் இருக்கும் சுயஉதவிக் குழுவின் கணக்கில் போட்டுவைக்கலாம் என்ற யோசனையும் சரியில்லை. அது சேமிப்புக்கும் கடனுக்கும் ஆன கணக்கு. நன்கொடையைக் கலந்தால் அந்தக் குழுவின் வங்கிக் கடனுக்கும் சேர்த்துச் சிக்கல் வரும்.

டிரஸ்ட்டா, சங்கமா?

ஆவண எழுத்தர் சொன்னது சட்டப்படி முடியாத காரியம் இல்லை. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் டிரஸ்ட் வந்துவிடும். செலவும் வேலையும் குறைவு. ஆனால் பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள்தான் அதன் பொறுப்பாளர்கள். நீங்கள், கணவர், மகன் என்று எழுதினால், மூன்று வருடமாகப் பிடி அரிசி எடுத்துவைத்த மற்ற பதின்மூன்று பேர் என்ன ஆவார்கள்? அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, கணக்குப் பார்க்க இடமும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்த நேரத்தில் குடும்ப டிரஸ்ட் தொடங்கினால் ஊர் என்ன பேசும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

என் கருத்து, சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் தொடங்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, கல்வி, தருமம் போன்ற நோக்கங்களுக்கான சங்கத்தில் உறுப்பினர்கள் இருபது பேரை எட்டினாலோ, வருட வரவு அல்லது செலவு பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகு காலமாகிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதன்பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறவிட்டால் அபராதம், பதிவு ரத்து என்று போகும். தொல்லைதான். ஆனால் அடுத்த தலைவியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழியும், கணக்குக் கேட்க எல்லோருக்கும் ஓர் இடமும் இதில் கிடைக்கும்.

நிர்வாகக் குழுவை அமைக்கும்போது உங்கள் தெருப் பெண்களோடு நிறுத்திவிடாதீர்கள். காலனித் தெருப் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு உதவி கொடுத்ததாகக் கடிதத்தில் இரண்டு இடத்தில் சொல்கிறீர்கள், அங்கிருந்து ஒருவரும் பதினான்கு பேரில் இருப்பதாகச் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களும் உட்கார வேண்டும். இதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. பதிந்தாலே நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைத்துவிடும் என்று நினைக்கிறீர்கள். 80ஜி என்று நாம் பழகிய அந்தச் சலுகைக்கு வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, அதனால் இந்த வேலையை ஒரு ஆடிட்டரிடம் விடுங்கள்.

மொய் விருந்தும் குலுக்கலும்

குலுக்கல் வேண்டாம். கூப்பன் விலைக்கு விற்று, குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் இருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. அரசு அனுமதி இல்லாத லாட்டரிக் குலுக்கலுக்கென்று இடம் வைத்து நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை என்று நியாய சம்ஹிதாவின் 297ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடக்கிறதே என்பீர்கள். உங்கள்மேல் ஏற்கெனவே ஒரு கண் இருக்கிறது. அங்கே நடக்கிறது என்பது உங்களைக் காப்பாற்றாது.

மொய் விருந்து அழகான யோசனை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் வழக்கம் அது. ஆனால் மொய் என்பது நன்கொடை இல்லை. இன்றைக்கு ஆயிரம் வைத்தவருக்கு, நாளை அவர் வீட்டு விருந்தில் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். உங்கள் பெயரில் அழைப்பு அடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு மொய் பாக்கி வைத்திருப்பவர் அதைக் கழிப்பதாக நினைத்து வைப்பார். இன்னொருவர் புது மொய் என்று நினைத்து வைத்து, ஐந்து வருடம் கழித்து உங்கள் கணவர் வாசலில் வந்து நிற்பார். பள்ளிக்குப் போன பணத்துக்கு உங்கள் வீடு கடன் பட்டிருக்கும். நீங்களோ, பிறர் உங்களுக்குத் தர வேண்டிய மொய்யைப் பள்ளிக்குக் கொடுத்திருப்பீர்கள். இது நீதிமன்றத்துக்கு வராது, ஊரில் வரும். நீதிமன்றத்தில் வரும் சண்டையாவது ஒரு நாள் முடியும்.

ஆகவே அழைப்பிதழ் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். "பள்ளிக்கான நன்கொடை விருந்து. திரும்பச் செய்ய வேண்டிய மொய் அல்ல. பழைய மொய்க் கணக்கில் சேராது" என்று பெரிய எழுத்தில் அடியுங்கள். பந்தலிலும் எழுதி வையுங்கள். எழுத உட்காரும் இடத்தில் மொய் நோட்டு வேண்டாம், எண் போட்ட ரசீதுப் புத்தகம் வையுங்கள். கல்லாவில் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் உட்காரட்டும். அன்றைக்கு ராத்திரியே எண்ணி, தொகையைப் பந்தலில் அறிவித்துவிடுங்கள். விருந்துச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் பள்ளிக்கு. அதையும் சேர்த்தே அறிவியுங்கள். முறுக்குக் கடையைத் தொடர்ந்து நடத்துவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்ப் பணம்

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது?" என்பது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடம் செயல்பட்டு, 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். உங்கள் சங்கம் அந்த நிலைக்கு இப்போதைக்கு வராது. "என் அம்மா கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து தருகிறேன்" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தைச் சுற்றிப் போகும் அந்த வழியில் மாட்டிக்கொள்ளப்போவது வயதான அந்த அம்மாவும் நீங்களும்தான். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' திட்டத்தின் வழியாக உங்கள் பள்ளிக்கே தர முடியுமா என்று அவரை நேரடியாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

பள்ளி வாசலில் திரும்பிய பீரோ

புதுத் தலைமையாசிரியர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் செய்ததில் நியாயம் உண்டு. அரசுப் பள்ளிக்குள் வரும் பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதற்கு அவர்தான் பொறுப்பு. பள்ளிக்கு என்ன தேவை என்று முடிவு செய்யும் இடமும் ஒன்று இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உங்கள் பதினான்கு பேரில் நான்கு பேர் ஏற்கெனவே அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, பீரோவோடு வாசலில் போய் நிற்பானேன்? அடுத்த கூட்டத்தில் தேவைப் பட்டியல் கேளுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள், பொருளைக் கொடுத்துப் பதிவேட்டு எண்ணுடன் ஒப்புகை வாங்குங்கள். ஒருவேளை அவர்களுக்குப் பீரோவைவிட மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி முக்கியமாக இருக்கலாம். கட்டட வேலை எதுவானாலும் ஒன்றியப் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். நாளை சுவர் இடிந்து ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் கேள்வி உங்களிடம் வரும்.

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், பெஞ்சு, கடிகாரம் என்று கிராமங்கள் அள்ளிக் கொடுத்தன. இன்றைக்கு அதற்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். உங்கள் விருந்தில் ஒரு லட்சம் மிஞ்சினால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கலாம். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள்.

உங்கள் கணவர் விட்டுவிடச் சொல்வது உங்கள் மேலுள்ள அக்கறையால். அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் இப்போது பாதியில் விட்டால், பில் இல்லாத அந்த 23,000 ரூபாய்தான் உங்கள் பெயரோடு ஊரில் நிற்கும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பதவியை விடுவதாக இருந்தாலும் கணக்கை ஒப்படைத்துவிட்டு விடுங்கள்.

கடைசியாக, நர்சிங் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 5,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தோம், இந்த மாதம் 20ஆம் தேதி கடைசி நாள், இந்தப் பிரச்சினையில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வசூலைத்தான் நிறுத்தச் சொன்னேன். பதினான்கு பேரும் கையெழுத்திட்ட தீர்மானத்தோடு, கையிருப்பிலிருந்து கல்லூரியின் கணக்குக்கே நேராகக் கட்டி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். 20ஆம் தேதிக்கு முன்னால்.